வெள்ளி இருக்கும் மலையில் வெள்ளீயத்தைத் தேடுவது எப்படி

வெள்ளியும் வெள்ளீயமும் சேர்ந்து கிடைக்கும் என்று சொல்லப்படும் ஒரு மலைக்கு முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் போகிறார்கள்: எவ்வளவு இருக்கிறது? நானும் அப்படித்தான் போனேன். இருபது வருடம் சுத்தியலும் கம்பாஸுமாக அலைந்த பிறகு என் முதல் கேள்வி மாறிவிட்டது. நான் இப்போது எந்த மாடியில் நிற்கிறேன்? இதற்குப் பதில் தெரியாமல் எத்தனை பை கல் அள்ளினாலும், கடைசியில் கையில் மிஞ்சுவது வெறும் எண்கள்தான்.

ஏன் மாடி என்கிறேன்? ஆழத்தில் கிரானைட் குழம்பு ஆறும்போது அதிலிருந்து உப்பும் உலோகமும் கலந்த சுடுநீர் பிரிந்து, பாறைப் பிளவுகள் வழியாக மேலே ஏறுகிறது. வெள்ளீயம் அந்த நீரிலிருந்து சூடாக இருக்கும்போதே, பெரும்பாலும் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல், கேசிட்டரைட் என்ற ஆக்சைடுத் தாதுவாகப் படிந்துவிடும். வெள்ளி அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஈயத்தோடும் துத்தநாகத்தோடும் இன்னும் மேலேயும் வெளியேயும் போய், நீர் நன்றாக ஆறிய பிறகே படியும். ஆக, வெள்ளீயம் கீழ் மாடி, வெள்ளி மேல் மாடி. இரண்டுக்கும் படிக்கட்டு ஒன்றுதான்.

பொலிவியாவின் போட்டோசியில் இருக்கும் செரோ ரிக்கோ மலை இதற்கு நல்ல பாடம். 4,782 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. நூற்றாண்டுகள் வெள்ளிக்காகவே தோண்டினார்கள். பின்னால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, அதே மலையில் வெள்ளீயத்துக்காகத் தோண்டினார்கள். பெருவின் புனோ பகுதியில் உள்ள சான் ரஃபேல் சுரங்கத்தில் மேலே செம்பு, கீழே வெள்ளீயம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் டோல்கோத் சுரங்கமும் செம்பில் தொடங்கி, ஆழத்தில் வெள்ளீயமாக மாறியதுதான். மேலே உள்ள உலோகம் தீர்ந்ததும் சுரங்கத்தை மூடிவிட்டுப் போயிருந்தால், அந்த வெள்ளீயத்தை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஆனால் இந்த அடுக்கு எல்லா இடத்திலும் ஒழுங்காக இருக்காது. எரிமலைக்கு அடியில், மேற்பரப்புக்கு மிக அருகில் உருவான தாதுக்களில் சூடான கட்டமும் ஆறிய கட்டமும் ஒரே பிளவில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். பொலிவியாவின் பல மலைகள் அப்படித்தான். மாடிகள் ஒன்றுக்குள் ஒன்று சரிந்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே கைக்கல்லில் கேசிட்டரைட்டும் வெள்ளித் தாதுவும் இருக்கும். எது முதலில் படிந்தது, எது எதை வெட்டிப் போகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்து நோட்டில் வரைந்து வையுங்கள்.

புறப்படும் முன்

தொலைதூர மலைக்கு ஒரு பருவத்தில் ஒருமுறைதான் போக முடியும். மறந்த பொருளை எடுக்கத் திரும்பி வர முடியாது. கம்பாஸ், ஜிபிஎஸ், பத்து மடங்கு லென்ஸ், சுத்தியல், உளி, நூலில் கட்டிய ஒரு சிறு காந்தம், துத்தநாகத் தகடு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அரிக்கும் தட்டு, சல்லடை, தடித்த பிளாஸ்டிக் பைகள், சாட்டிலைட் போன். 3,000 மீட்டருக்கு மேல் என்றால், ஒவ்வொரு இரவும் தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறுவது அன்றைக்கு அவ்வளவுதான். கூடினால் கீழே இறங்கிவிட வேண்டும்.

அந்த நிலத்தில் வாழ்கிறவர்களிடம் பேசாமல் ஒரு கல்லைக்கூடத் தட்டாதீர்கள். அனுமதித் தாள் பையில் இருப்பது வேறு, அவர்கள் சம்மதம் வேறு. பழைய சுரங்க வாய் எங்கே இருக்கிறது, எந்த ஓடைத் தண்ணீரை ஆடு குடிக்காது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆடு குடிக்காத ஓடை என்று யாராவது சொன்னால், நான் முதலில் போவது அங்கேதான்.

இன்னொரு விஷயம், இதை யாரும் புத்தகத்தில் அழுத்திச் சொல்வதில்லை. மாதிரி எடுக்கிற யார் கையிலும் வெள்ளி மோதிரம் இருக்கக் கூடாது. ஈய சால்டர் வைத்து ஒட்டிய பித்தளைச் சல்லடை வேண்டாம், சால்டரில் வெள்ளீயம் உண்டு. நைலான் வலை போட்ட பிளாஸ்டிக் சல்லடை போதும். அப்புறம், யாரோ பழைய முகாமில் வீசிவிட்டுப் போன தகர டப்பாக்கள். தகரத்தின் மேல் பூச்சே வெள்ளீயம்தானே! அது துருப்பிடித்துக் கிடக்கும் இடத்துக்குக் கீழே எடுத்த ஓடை மண் உங்களை வீணாக மலை ஏற வைத்துவிடும்.

ஓடையிலிருந்து தொடங்குங்கள்

மலை முழுவதும் நடக்க முடியாது. ஆனால் மலை தன்னைத் தானே உடைத்து ஓடையில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கிளை ஓடையும் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு விதமாக மாதிரி எடுப்பேன், ஏனென்றால் இந்த இரண்டு உலோகங்களும் தண்ணீரில் ஒரே மாதிரி நடப்பதில்லை.

கேசிட்டரைட் கரையாது, எளிதில் சிதையாது, கனமானது. அதன் அடர்த்தி 7க்குப் பக்கம். சாதாரண மணலில் உள்ள குவார்ட்ஸ் 2.65தான். அதனால் அது ஓடையில் உருண்டு போய், பெரிய பாறைக்குப் பின்னால், வளைவின் உட்பக்கத்தில், அடிப்பாறையின் விரிசலில் தங்கிவிடும். அங்கேதான் தோண்ட வேண்டும். பத்து லிட்டர் சரளையை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, தட்டில் போட்டு, தண்ணீருக்கடியில் நன்றாகக் குலுக்கி, கனமானது அடியில் இறங்கிய பிறகு மெல்லச் சாய்த்து மேல் மணலை வெளியேற்றுங்கள். அவசரப்பட்டால் வேண்டியதும் போய்விடும். கடைசியில் ஒரு கரண்டி கறுப்பு மணல் மிஞ்சும்.

அதில் காந்தத்தை ஒரு தாளில் சுற்றி மேலாக ஓட்டினால் மேக்னடைட் என்ற இரும்புத் தாது ஏறி வந்துவிடும். மீதியை வெயிலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கேசிட்டரைட் கறுப்பாகவோ, தேன் நிறத்திலோ, செம்பழுப்பாகவோ இருக்கும். வைரத்துக்கு இருப்பது போன்ற ஒரு பளபளப்பு. முனைகள் கூராக இருந்தால் மூலம் பக்கத்தில். உருண்டு மழுங்கியிருந்தால் இன்னும் நடக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. நான் இதை எத்தனை முறை செய்திருந்தாலும் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன். துத்தநாகத் தகட்டின் மேல் சந்தேகத்துக்குரிய மணிகளைப் பரப்பி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விடுங்கள். நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் கிளம்பும். சில நிமிடம் கழித்துக் கழுவிப் பார்த்தால், கேசிட்டரைட் மணிகள் மட்டும் சாம்பல் நிறமாக மாறியிருக்கும். துணியில் தேய்த்தால் உலோகமாக மின்னும். மணியின் மேற்பரப்பில் உள்ள ஆக்சைடு வெள்ளீயமாகவே மாறிவிட்டது. கறுப்பு மணலில் ரூட்டைல் இருக்கும், டூர்மலின் இருக்கும், ஹேமடைட் இருக்கும். அவை எதுவும் இப்படி மாறாது. இதைத் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள். இப்படிப்பட்ட மலைகளில் ஆர்சனிக் தாதுக்கள் சகஜம். மணிகளோடு அது கலந்திருந்தால் துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து ஆர்சைன் என்ற கொடிய வாயு கிளம்பக்கூடும். கூடாரத்துக்குள் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

வெள்ளியின் குணம் வேறு. அது பெரும்பாலும் மணியாக உருண்டு வராது. கரைந்தும், நுண்ணிய களிமண்ணிலும் மாங்கனீசு கறுப்புப் படலத்திலும் ஒட்டியும் வரும். அதனால் அதே இடத்தில் நுண்மண்ணை, 0.18 மில்லிமீட்டருக்குக் கீழ் சலித்து, தனிப் பையில் எடுக்க வேண்டும். தட்டில் கேசிட்டரைட் இல்லை, ஆனால் நுண்மண்ணில் வெள்ளியும் ஈயமும் ஆன்டிமனியும் உயர்ந்திருக்கிறது என்றால், அந்த ஓடை மேல் மாடியை மட்டும் அறுத்துக்கொண்டிருக்கிறது. தட்டு நிறைய கேசிட்டரைட், வெள்ளி மட்டும் காணோம் என்றால் மேல் மாடி எப்போதோ அரித்துப் போய்விட்டது. இரண்டும் இருந்தால் கூடாரத்தை அங்கேயே போடுங்கள்.

பாறையைப் படிப்பது

நாளத்தை, அதாவது பிளவில் தாது படிந்த பட்டையை, தேடி ஓடும் முன், அதற்குத் தாயான கிரானைட்டைப் பாருங்கள். ஜப்பானிய நிலவியலாளர் ஷுன்சோ இஷிஹாரா 1977இல் கிரானைட்டுகளை மேக்னடைட் வகை, இல்மனைட் வகை என்று இரண்டாகப் பிரித்தார். வெள்ளீயம் பெரும்பாலும் இரண்டாவது வகையோடுதான் வருகிறது. காரணம், அது ஆக்சிஜன் குறைந்த குழம்பிலிருந்து உருவாவது. அப்படிப்பட்ட குழம்பில் வெள்ளீயம் ஆரம்பத்தில் உருவாகும் கனிமங்களுக்குள் போய் முடங்காமல் கடைசிச் சொட்டு வரை குழம்பிலேயே சேர்ந்துகொண்டு வரும். களத்தில் இதைப் பார்க்க நூலில் கட்டிய காந்தம் போதும். புதிதாக உடைத்த, மாற்றம் அடையாத கிரானைட்டின் அருகே தொங்கவிடுங்கள். இல்மனைட் வகையில் மேக்னடைட் மிகக் குறைவு, அதனால் அசையாமல் தொங்கினால் நல்ல அறிகுறி. நாளத்துக்குள் மட்டும் காந்தம் இழுக்கப்பட்டால் குழம்ப வேண்டாம், அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரோடைட்டாக இருக்கும், அதுவும் வெள்ளீயத்தோடு பழகியதுதான்.

சரி, இப்போது மாடிக் கணக்கு. மெழுகு போன்ற கால்செடனி, பாரைட், மாங்கனீசுக் கறுப்பு, ஆன்டிமனி, வெளிர்நிற ஸ்ஃபேலரைட் (துத்தநாகத் தாது), காலினா (ஈயத் தாது): நீங்கள் மேல் மாடியில் நிற்கிறீர்கள். ஸ்ஃபேலரைட் கறுத்து, செம்பும் ஆன்டிமனியும் சேர்ந்த டெட்ராஹெட்ரைட்டும், கந்தகம் சேர்ந்த வெள்ளீயத் தாதுவான ஸ்டானைட்டும் தென்பட்டால் நடு மாடி. ஆர்சனோபைரைட் (ஆர்சனிக் தாது), பைரோடைட், பாறையைக் கறுப்பாக்கும் டூர்மலின் ஊசிகள், கரடுமுரடான வெள்ளை மைக்கா: கீழ் மாடி, வெள்ளீயத்தின் வீடு. டங்ஸ்டன் தாதுவான உல்ஃப்ரமைட்டும் பிஸ்மத்தும் வந்துவிட்டால் அடித்தளத்துக்கே வந்துவிட்டீர்கள். வரைபடத்தில் நான் ஒவ்வொரு நாளத்துக்கும் திசை, சாய்வு, அகலத்தோடு இந்த மாடியையும் குறிப்பேன். ஒரே நாளத்தில் கிழக்கே நடு மாடி, மேற்கே மேல் மாடி என்று வந்தால், ஏதோ ஒரு பிளவு மலையின் ஒரு பக்கத்தைக் கீழே இறக்கியிருக்கிறது என்று அர்த்தம். மேற்கே இன்னும் ஆழத்தில் வெள்ளீயம் பத்திரமாக இருக்கலாம்.

பழைய சுரங்கத்தின் வாயில் கொட்டிய கழிவுக் குவியல் ஒரு புதையல். வெள்ளிக்காகத் தோண்டியவர்கள் தங்களுக்கு வேண்டாததை அங்கே கொட்டியிருப்பார்கள். கையில் தூக்கினாலே கனம் தெரிகிற பழுப்புக் கற்களை உடைத்துப் பாருங்கள். சுரங்கத்துக்குள் மட்டும் போகாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் இல்லாத காற்றுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

நாளத்தில் மாதிரி எடுப்பது

நாளத்துக்குக் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, பத்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். மேல் சுவர், நாளம், கீழ்ச் சுவர் மூன்றும் தனித்தனிப் பை. இங்கே ஒரு தவறு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். வெள்ளி பெரும்பாலும் மென்மையான சல்ஃபைடிலும் (கந்தகம் சேர்ந்த தாது) களிமண் ஓரத்திலும் இருக்கும். வெள்ளீயம் இரும்பு போன்ற குவார்ட்ஸில் இருக்கும். சுத்தியல் அடிக்க அடிக்க மென்மையானது அதிகம் உதிரும், கெட்டியானது அப்படியே நிற்கும். பையில் வெள்ளி கூடிவிடும், வெள்ளீயம் குறைந்துவிடும். எண்ணில் தெரிவது மலையின் குணமே அல்ல, உங்கள் கையின் சோம்பல். வைரப் பிளேடு ரம்பம் கிடைத்தால் இரண்டு கோடு அறுத்துவிட்டு நடுவில் உளியால் பெயருங்கள். அது இல்லையென்றால் வியர்வையும் பொறுமையும்தான்.

மேற்பரப்பில் கிடைக்கும் எண்ணை அப்படியே கீழே நீட்டிக் கணக்குப் போடாதீர்கள். மழையும் காற்றும் சல்ஃபைடைக் கரைத்து வெள்ளியை இடம் மாற்றும். வறண்ட மலையில் குளோரைடாக மேலேயே செறிந்து நிற்கும். கேசிட்டரைட்டோ கரையாமல், சுற்றியுள்ளது கரைந்து போனதாலேயே அதிகமாகத் தெரியும்.

ஆய்வகம்: என் ஒரு பருவம் போன கதை

என் மூன்றாவது பருவத்தில் ஒரு முகட்டில் இருந்து 160 பைகளை இறக்கினோம். தட்டில் கேசிட்டரைட் கறுப்பாகக் குவிந்தது. துத்தநாகத் தகட்டில் மணிகள் மின்னின. எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆறு வாரம் கழித்து அறிக்கை வந்தது: வெள்ளி 140, 200, 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). வெள்ளீயம்? பெரும்பாலான பைகளில் 200 பிபிஎம்கூட இல்லை. அந்தத் தாளை நம்பினேன். என் கண்ணை நம்பவில்லை. வெள்ளீயத்தை விட்டுவிட்டு வெள்ளிக்கு மட்டும் திட்டம் போட்டு, அடுத்த கோடை முழுவதும் மேல் மாடியிலேயே செலவழித்தோம்.

தவறு ஆய்வகத்துடையது இல்லை. படிவத்தில் நான் குறித்தது அமிலத்தில் கரைத்துச் செய்யும் சோதனை. கேசிட்டரைட் ராஜத் திராவகத்தில் கரையாது. நான்கு அமிலம் கலந்து கொதிக்க வைத்தாலும் முழுதாகக் கரையாது. கரையாமல் குடுவையின் அடியில் உட்கார்ந்திருக்கும், கருவி மேலே உள்ள நீரை மட்டும் அளக்கும். மிச்சமிருந்த தூளை லித்தியம் போரேட்டுடன் உருக்கிச் சோதித்தபோது அதே பைகளில் 0.9 சதவீதம், 1.3 சதவீதம் வந்தது. ஒரு சதவீதம் என்றால் 10,000 பிபிஎம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

ஆகவே படிவத்தில் எழுதுங்கள்: வெள்ளீயத்துக்கு உருக்கிச் செய்யும் சோதனை, லித்தியம் போரேட் அல்லது சோடியம் பெராக்சைடு, இல்லையென்றால் எக்ஸ் கதிர் பாய்ச்சி அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். வெள்ளிக்கு அமிலச் சோதனை, 100 பிபிஎம்மைத் தாண்டியவற்றுக்கு நெருப்புச் சோதனை, அதாவது ஈயத்தோடு உருக்கி வெள்ளியைப் பிரித்து எடைபோடுவது. ஒரே பைக்கு இரண்டு வழி. செலவு கூடத்தான் செய்யும். கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவியை முகாமில் வைத்து வெள்ளீயத்தை ஓரளவு பார்த்துக்கொள்ளலாம், வெள்ளிக்கு அதை நம்பாதீர்கள். வெள்ளியைத் தேட, அதில் தெரியும் ஈயமும் ஆர்சனிக்கும் காட்டும் வழியில் போங்கள். ஒவ்வொரு இருபது பைக்கும் ஒரு வெற்று மாதிரி (இந்த உலோகங்கள் இல்லாத கல்), ஒரு தரப்படுத்திய மாதிரி (அளவு முன்பே தெரிந்த தூள்), ஒரு இரட்டை மாதிரி (ஒரே இடத்தின் இரண்டாம் பை). வெற்று மாதிரியை உங்கள் மிகச் சிறந்த நாளத்துக்கு அடுத்த எண்ணில் வையுங்கள், அரைக்கும் இயந்திரம் ஒழுங்காகக் கழுவப்பட்டதா என்று அப்போதுதான் தெரியும்.

கூடவே ஐந்தாறு கற்களை நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள். வெள்ளீயம் எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். கேசிட்டரைட்டாக, மணி பெரிதாக இருந்தால் அதன் கனத்தை வைத்தே பிரித்துவிடலாம். ஸ்டானைட்டில் இருந்தால் அந்த வழி உதவாது. சுண்ணாம்புப் பாறையை ஒட்டிய ஸ்கார்னில் (கிரானைட்டின் சூட்டிலும் சுடுநீரிலும் மாறிய பாறை) கார்னெட்டுக்குள்ளோ, மலாயாயைட் என்ற வெள்ளீய சிலிகேட்டிலோ இருந்தால், எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே எடுப்பது பெரும்பாடு.

முதல் துளை

துளை போடும் நாளில் எல்லோரும் மிகச் சிறந்த எண் வந்த இடத்துக்கு நேர் கீழே போடச் சொல்வார்கள். நான் மாடி வரைபடத்தைத்தான் பார்ப்பேன். நடு மாடி தெரிகிற இடத்தில், நாளம் சாய்கிற பக்கத்தில் நின்று, அதை முடிந்தவரை செங்கோணத்தில் வெட்டும்படி, காற்றும் மழையும் மாற்றிய பகுதிக்குக் கீழே சந்திக்கும்படி துளையைச் சாய்ப்பேன். கோணம் முக்கியம். கோரின் (துளையிலிருந்து உருளையாக வெளிவரும் பாறை) அச்சும் நாளமும் 30 டிகிரியில் சந்தித்தால், கோரில் பத்து மீட்டராகத் தெரிவது உண்மையில் ஐந்து மீட்டர்தான். கோர் அளவு எச்.கியூ. போடுங்கள், விட்டம் 63.5 மில்லிமீட்டர். களிமண் ஓரம் தண்ணீரில் கழுவிப் போனால் போவது வெள்ளி. ஒவ்வொரு ஓட்டத்திலும் (ஒருமுறை துளைத்துக் கோரை வெளியே எடுப்பது) எத்தனை சென்டிமீட்டர் கோர் வந்தது என்று அளந்து எழுதாமல் அடுத்த ஓட்டத்துக்கு விடாதீர்கள்.

கோர் பெட்டிகளை வரிசையாக வைத்து, தண்ணீர் தெளித்து, மேலிருந்து கீழாக நடந்து பாருங்கள். ஸ்ஃபேலரைட் கறுத்துக்கொண்டே வருகிறதா? ஆர்சனோபைரைட் கூடுகிறதா? சுவர்ப் பாறையில் முதல் டூர்மலின் ஊசி எங்கே தோன்றியது? அந்த மீட்டரைப் பெட்டியின் மேல் சிவப்பு மையில் எழுதுங்கள். ஒரு துளையை 180 மீட்டரில் நிறுத்தத் திட்டமிட்டிருந்தோம். 171இல் டூர்மலின் வந்தது. இயந்திரத்தை நகர்த்த எல்லாம் தயாராக இருந்தது, நான் இன்னும் 60 மீட்டர் கேட்டேன். 208இல் குவார்ட்ஸுக்குள் கட்டைவிரல் நகம் அளவு கேசிட்டரைட், தேன் நிறத்தில், நாற்பது சென்டிமீட்டருக்கு.